கூலி வாங்காத ஆசிரியரின் கடன்

தாய்லாந்தின் கிராமப்புறப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் வெளிநாட்டு இளைஞர்கள் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கத் தன்னார்வலர்களாக வந்து சேர்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஆசிரியப் பயிற்சி கிடையாது, வகுப்பறையில் நின்று பழக்கமும் கிடையாது. தாய்லாந்து மொழியில் வணக்கம் சொல்வதற்கு மேல் எதுவும் தெரியாது. சம்பளம் வாங்குவதில்லை என்ற ஒன்றுதான் அவர்கள் கையிலுள்ள நியாயம். அது போதுமா? கூலி வாங்காமல் செய்யும் வேலை, கூலி வாங்காத காரணத்தாலேயே தானமாகிவிடுமா? தானம் என்றால், அங்கே கொடுப்பவர் யார், பெறுபவர் யார்? மேலுக்கு நிர்வாகக் கேள்விகள் போலத் தோன்றினாலும் இவை அறம் பற்றிய கேள்விகள். தேரவாத பௌத்தம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இவற்றை யோசித்து வந்திருக்கிறது. தாய்லாந்துக் கிராமங்களின் அன்றாட வாழ்க்கையில் அந்த யோசனை இன்றும் நடமாடுகிறது. ஆகவே வெளியிலிருந்து ஓர் அளவுகோலைக் கொண்டுபோகாமல் அந்த ஊரின் அளவுகோலாலேயே இதை அளந்து பார்க்க விரும்புகிறேன். அப்படி அளந்தால் எனக்குக் கிடைக்கும் விடை இது: பணியைத் தொடங்கும் தன்னார்வ ஆசிரியர் அங்கே பெறுபவராகவே இருக்கிறார். கொடுக்கும் நிலைக்கு அவர் இன்னும் வரவில்லை. அதை உணர்ந்து, பெறுபவருக்குரிய ஒழுங்கோடு நடந்தால் மட்டுமே அவர் அந்த வகுப்பறையில் நிற்பது சரி.

அவர் நுழையும் பள்ளி எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 120 அல்லது அதற்கும் குறைவான மாணவர்கள் படிக்கும் பள்ளியைத் தாய்லாந்துக் கல்வித் துறை சிறு பள்ளி என்று வகைப்படுத்துகிறது. நாட்டின் அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய பாதி இந்த வகைதான். இங்கே ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்துக் கணக்கும் அறிவியலும் நடத்திவிட்டு ஆங்கிலமும் நடத்த வேண்டியிருக்கும். இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டத்தான் 1995 முதல் ஹுவா ஹின் நகரின் கிளாய் கங்வோன் பள்ளியிலிருந்து செயற்கைக்கோள் வழியாகப் பாடங்கள் ஒளிபரப்பாகின்றன. 2008ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் அந்நிய மொழிக்கு முதல் மூன்று வகுப்புகளில் ஆண்டுக்கு 40 மணி நேரம், அடுத்த மூன்றில் 80, நடுநிலை வகுப்புகளில் 120 என்று ஒதுக்கியது. முதல் மூன்று வகுப்புகளுக்கு இது போதாதென்று 2016இல் வாரம் ஐந்து மணி நேரமாக உயர்த்தினார்கள். நேரத்தை உயர்த்த ஓர் அரசாணை போதும். கற்பிக்கும் ஆளை அப்படி உண்டாக்க முடியாது. இதற்கு மேல் இன்னொரு சுமையும் உண்டு. வடகிழக்கில் இசான் பகுதிப் பிள்ளை வீட்டில் பேசுவது லாவோவுக்கு நெருங்கிய மொழி. சுரின் மாகாணத்தில் பல வீடுகளில் கெமர் பேசுகிறார்கள். தெற்கே பட்டானி, யாலா, நராதிவாட் மாகாணங்களில் மலாய். வடக்கு மலைகளில் கரேன், மோங், அக்கா. பாங்காக்கின் மொழியில் எழுதப் படிக்கக் கற்பதே இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மொழியைக் கடந்து வரும் வேலை. ஆங்கிலம் அதற்கும் அப்பால் நிற்பது. தேவை உண்மையானது, பெரியது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. தேவை பெரிதாக இருக்கிறது என்பதாலேயே அங்கே போய் நிற்பவரிடம் நாம் கேட்க வேண்டியவையும் கூடுகின்றன.

அந்தக் கிராமங்களில் பள்ளியும் விகாரையும் பல இடங்களில் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. விகாரையின் பெயரைத் தாங்கிய அரசுப் பள்ளிகள் இன்றும் ஏராளம். இதற்குக் காரணம் உண்டு. 1898இல் மன்னர் சுலாலங்கோர்ன் மாகாணங்களில் கல்வியைப் பரப்ப முடிவுசெய்தபோது அந்தப் பொறுப்பை இளவரசரும் துறவியுமான வச்சிரயானிடம் ஒப்படைத்தார். விகாரைகளே பள்ளிகளாகின, பிக்குகளே ஆசிரியர்களாயினர். கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் 1921இல்தான் வந்தது. ஆகவே, சம்பளம் வாங்காமல் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் ஆள் அந்தக் கிராமத்துக்குப் புதியவர் அல்லர். அவர் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்திருக்கிறார். ஊர் அவருக்குச் சோறு போட்டது, அவர் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். இந்த உறவில் யார் கொடுப்பவர் என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதல்ல. காலையில் பிக்கு பிச்சைப் பாத்திரத்தோடு வீதியில் வருகிறார். குடும்பத்தலைவி செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டுச் சோற்றை இடுகிறார், பிறகு அவரே கைகூப்புகிறார். பிக்கு நன்றி சொல்வதில்லை. சோறு அவளிடமிருந்து அவருக்குப் போகிறது, புண்ணியம் சேரும் வாய்ப்பு அவரிடமிருந்து அவளுக்கு வருகிறது. பெறுபவர் இருப்பதால்தான் கொடுப்பவர் கொடுக்க முடிகிறது என்பதால் பிக்குகளின் சங்கத்தைப் புண்ணியம் விளையும் வயல் என்றே பாலி நூல்கள் அழைக்கின்றன. பொருள் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை மட்டும் வைத்துக் கொடுப்பவரையும் பெறுபவரையும் அங்கே தீர்மானிப்பதில்லை.

இந்தக் கண்ணோடு தன்னார்வலரின் கணக்கைப் பாருங்கள். அவர் தருவது வாரத்துக்குச் சில மணி நேர வகுப்பு, அதுவும் பயிற்சியில்லாத வகுப்பு. அவர் பெறுவது நிறைய. தங்க அறை, பள்ளிச் சமையலறையின் மதிய உணவு, சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் தலைமை ஆசிரியர் ஓட்டிச் செல்லும் வண்டி, விசாவுக்கும் வேலை அனுமதிக்கும் அலுவலகத்தில் நின்று யாரோ நிரப்பித்தரும் படிவங்கள். சம்பளமில்லாத பணிக்கும் அங்கே உரிய விசாவும் அனுமதியும் வேண்டும். கூலி இல்லை என்பதால் வேலை வேலையில்லாமல் போய்விடாது என்பதில் நாட்டின் சட்டம் தெளிவாக இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக அவர் பெறுவது பிள்ளைகளின் நேரம். கற்பிக்கத் தெரியாத ஒருவர் கற்பிக்கக் கற்றுக்கொள்வதற்காக ஒரு வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஆண்டின் ஒரு பகுதியை அவரிடம் ஒப்படைக்கிறார்கள். அந்த அனுபவத்தைக் கொண்டு அவர் பின்னாளில் வேலைக்கு விண்ணப்பிப்பார், மேல்படிப்புக்கு எழுதுவார். ஏற்பாட்டு நிறுவனத்துக்குப் பணம் கட்டி வருகிறவர்களும் உண்டு. அவர்கள் விஷயத்தில் பள்ளிக்கூடம் கிட்டத்தட்ட ஒரு விற்பனைப் பொருளாகிவிடுகிறது. விலை போவது பிள்ளைகளுக்குத் தெரியாது. இத்தனையையும் பெற்றுக்கொண்டு, தான் கொடுக்க வந்ததாக ஒருவர் நினைத்துக்கொண்டால் அந்த நினைப்பே முதல் பிழை.

அப்படியானால் வந்திருக்கவே கூடாதா? இங்கேதான் விகாரை நமக்கு உதவுகிறது. தாய்லாந்தில் பௌத்த ஆண்கள் வாழ்க்கையில் ஒரு முறையாவது சிறிது காலம் பிக்குவாக இருந்துவிட்டு வருவது வழக்கம். மழைக்கால வாசமாகிய மூன்று மாதம் இருப்பது மரபு, இப்போது இரண்டு வாரத்தோடு திரும்புகிறவர்களும் உண்டு. அரசு ஊழியருக்கு இதற்கென்று 120 நாள் வரை விடுப்பு கிடைக்கும். மூன்று மாதத்தில் திரும்பிப் போய்விடுவான் என்று யாரும் அவனை இகழ்வதில்லை. குறுகிய காலம் என்பது அதனளவில் குற்றமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அந்த மூன்று மாதத்தில் அவன் யாராக இருக்கிறான் என்பது முக்கியம். புதிதாகத் துறவு பூண்டவன் நவகன். வினயம் எனப்படும் துறவு விதிகளின்படி குறைந்தது ஐந்து ஆண்டு அவன் ஓர் ஆசிரியரைச் சார்ந்து வாழ வேண்டும். பிறருக்குத் துறவு தரும் உபாத்தியாயராக அமர வேண்டுமானால் பத்து ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். தலை மழித்து, சீவரம் என்னும் துறவாடை அணிந்து, பெற்றோர்கூட விழுந்து வணங்கும் நிலையில் இருந்தாலும் அவன் மூத்தவர்களுக்குப் பின்னால்தான் நடப்பான், வரிசையின் கடைசியில்தான் உட்காருவான். விகாரையைத் திருத்த வந்தேன் என்று சொல்லும் நவகனை யாரும் கண்டதில்லை. பெற்றோருக்குப் பட்ட கடனைத் தீர்க்கவும் தன்னைப் பழக்கிக்கொள்ளவும் அவன் வந்திருக்கிறான். தன்னார்வ ஆசிரியருக்குப் பொருத்தமான இடம் இதுவென்றே நான் கருதுகிறேன். அந்தப் பள்ளியில் கணக்கோடு ஆங்கிலத்தையும் சுமக்கும் தாய்லாந்து ஆசிரியை அவருக்கு மூத்தவர். அவரைச் சார்ந்து, அவருக்குப் பின்னால் நடப்பதுதான் புதியவரின் ஒழுங்கு.

ஆங்கிலம் இவருக்குத்தானே நன்றாகத் தெரியும், அந்த ஆசிரியையின் உச்சரிப்பே தவறாக இருக்கிறதே, எப்படி அவர் மூத்தவராவார் என்று கேட்கலாம். ஒன்றைத் தெரிந்திருப்பதும் அதைக் கற்பிக்க முடிவதும் வேறு வேறு என்பதற்குப் பௌத்த நூல்களில் அழுத்தமான சான்று உண்டு. அங்குத்தர நிகாயத்தில் உதாயி சூத்திரம் என்று ஒரு சிறிய சூத்திரம். பெரிய கூட்டத்துக்கு உதாயி என்ற பிக்கு உபதேசம் செய்துகொண்டிருக்கிறார் என்று சீடர் ஆனந்தர் வந்து சொல்ல, புத்தர் அதற்கு மறுமொழியாகப் பிறருக்குக் கற்பிப்பது எளிதல்ல என்று கூறி, கற்பிப்பவர் முதலில் தன்னுள் நிலைநிறுத்திக்கொள்ள வேண்டிய ஐந்தைச் சொல்கிறார். படிப்படியாகச் சொல்வது முதலாவது. காரணகாரியத்தை விளக்கிச் சொல்வது இரண்டாவது. இரக்கத்தினால் சொல்வது, ஆதாயம் கருதாமல் சொல்வது, தன்னையும் பிறரையும் புண்படுத்தாமல் சொல்வது ஆகியவை எஞ்சிய மூன்று. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். தன்னார்வலர் தன் தகுதியாக முன்வைக்கும் இரண்டும், அதாவது இரக்கமும் கூலி வாங்காமையும், இதில் இருக்கின்றன. ஆனால் அவை ஐந்தில் இரண்டுதான், அதுவும் மூன்றாவதும் நான்காவதும். முதல் இரண்டு இடத்திலும் இருப்பவை கற்பிக்கும் முறையைப் பற்றியவை. எத்தனை தூய மனத்தோடு வந்தாலும் எதற்குப் பின் எது என்று தெரியாதவர் இன்னும் கற்பிக்கத் தொடங்கவில்லை என்றே இந்தச் சூத்திரத்திலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

ஆங்கிலப் பாடத்தில் படிப்படி என்றால் என்ன என்று கொஞ்சம் இறங்கிப் பார்க்கலாம். தாய்லாந்து மொழியில் காலத்துக்கேற்ப வினைச்சொல் மாறாது. நேற்று, நாளை என்ற சொற்களும் சில துணைச்சொற்களும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடும் வழக்கம் இல்லை. சொல்லின் முடிவில் வரும் வல்லெழுத்துகள் வாய்க்குள்ளேயே அடங்கிவிடும், ஈற்றில் ஸகரம் ஒலிக்காது. ஆகவே பன்மைக்கு ஆங்கிலம் சேர்க்கும் ஒலியை அந்தப் பிள்ளை காதில் வாங்குவதே கடினம், வாயில் கொண்டுவருவது அதனினும் கடினம். பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசும் ஒருவருக்கு இதில் எதுவும் தெரியாது, ஏனென்றால் தான் எப்படிக் கற்றோம் என்பதே அவருக்கு நினைவில்லை. அந்த ஆசிரியைக்குத் தெரியும். அவர் அதே படிகளில் தடுக்கி ஏறி வந்தவர். எந்த இடத்தில் பிள்ளைகள் சிரித்து மழுப்புவார்கள், எந்த இடத்தில் புரிந்ததாகத் தலையாட்டுவார்கள், எந்தப் பிள்ளைக்குத் தன் நாட்டு எழுத்தே இன்னும் கைவரவில்லை என்பதெல்லாம் அவரிடம் இருக்கும் அறிவு. ஒலி இவரிடம் இருக்கிறது, வழி அவரிடம் இருக்கிறது. பிறப்பால் கிடைத்த மொழியைத் தகுதி என்று எண்ணிக்கொள்வதை விடுவதுதான் இந்தப் பணியில் புதியவருக்கு மிகக் கடினமான பாடம் என்று நினைக்கிறேன். வெள்ளைத் தோலுக்கும் கடவுச்சீட்டின் நிறத்துக்கும் சந்தை தரும் மதிப்பு அந்த எண்ணத்துக்குத் தீனி போடுகிறது. பிறந்த குலத்தால் ஒருவர் உயர்வதில்லை, செய்கையால்தான் என்று போதித்த மரபின் நாட்டில் இந்த மதிப்பு செல்லுபடியாவது வருத்தத்துக்குரியது.

இதற்கு எதிராக எழக்கூடிய மிக வலுவான மறுப்பும் பௌத்தத்துக்குள்ளிருந்தே வருகிறது. எண்ணமே கர்மம் என்பது புத்தரின் போதனை. அப்படியிருக்க, நல்லெண்ணத்தோடு வந்தவரை விளைவைக் காட்டி மடக்குவது எப்படி நியாயம்? கொடுக்கும் முன் மகிழ்ந்து, கொடுக்கும்போது தெளிந்து, கொடுத்தபின் நிறைவடைபவரின் தானம் சிறந்தது என்று அங்குத்தர நிகாயமே சொல்கிறதே? சொல்கிறதுதான். ஆனால் எண்ணம் என்பதை விருப்பம் என்று சுருக்கிவிடக் கூடாது. தீமையின் வேர்களாகப் பௌத்தம் மூன்றைச் சொல்கிறது: பேராசை, வெறுப்பு, மயக்கம். முதல் இரண்டும் இல்லாத மனத்திலும் மூன்றாவது இருக்கலாம். தெரிந்துகொண்டிருக்க வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கும் எண்ணம் மயக்கம் கலந்த எண்ணம். மஜ்ஜிம நிகாயத்தில் தன் மகனான சிறுவன் இராகுலனுக்குப் புத்தர் தரும் அறிவுரை இதைத் தெளிவாக்குகிறது. ஒரு செயலைச் செய்யும் முன்பும், செய்துகொண்டிருக்கும்போதும், செய்து முடித்த பின்பும், அது தனக்கோ பிறருக்கோ துன்பம் தருகிறதா என்று பார்க்கச் சொல்கிறார். துன்பம் தருவது தெரிந்தால் நிறுத்த வேண்டும், முடிந்துபோனதென்றால் மூத்தவர்களிடம் சொல்லி ஒப்புக்கொண்டு இனிமேல் தவிர்க்க வேண்டும். எண்ணம் மட்டும் போதுமென்றால் செய்து முடித்த பின் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொன்னதாக மரபு கருதும் இந்தப் பழக்கத்தை ஒரு பட்டதாரித் தன்னார்வலரிடம் எதிர்பார்ப்பது மிகையல்ல.

ஒன்றும் இல்லாததற்கு ஏதோ ஒன்று மேல் என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறோம். பாதி தெரிந்த ஒருவரின் வகுப்பும் பிள்ளைகளுக்குக் காதில் விழும் ஆங்கிலம்தானே என்பார்கள். இதில் ஒரு பகுதி உண்மை உண்டு. ஆங்கிலம் பேசும் ஒரு மனிதரோடு பயமின்றி உட்கார்ந்து பேசியிருக்கிறோம் என்ற நினைவே ஒரு பிள்ளைக்குத் துணிவு தரும். ஆனால் வகுப்பு நேரம் காலியாகக் கிடக்கும் நிலம் அல்ல, அது ஏற்கெனவே ஒரு பாடத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கு 40 மணி நேரம் என்ற பழைய கணக்கில், எட்டு வாரம் விளையாட்டும் பாட்டுமாக நடத்திப் போகிறவர் ஆண்டின் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறார். அடுத்து வருகிறவர் முன்னவர் எதை நடத்தினார் என்று தெரியாமல் மறுபடி நிறங்கள், விலங்குகள், உன் பெயர் என்ன என்றே தொடங்குவார். ஒவ்வொரு புதியவரிடமும் முதல் பாடத்தையே படிக்கும் பிள்ளை, மொழியில் முன்னேறவே முடியாதென்ற முடிவுக்கு வந்துவிட்டால் அதற்கு யார் பொறுப்பு? 1962 முதல் தாய்லாந்தில் இயங்கிவரும் அமெரிக்க அமைதிப் படை இதற்கு ஒரு வழி கண்டது. தன்னார்வலர்களை முதல் இரண்டு மூன்று மாதம் மொழியிலும் பழக்கவழக்கத்திலும் பயிற்றுவித்து, பிறகு இரண்டு ஆண்டு ஒரே இடத்தில் இருக்கச் செய்து, தாய்லாந்து ஆசிரியரோடு சேர்ந்து வகுப்பெடுக்க வைப்பது அதன் முறை. அந்த அமைப்பின் அரசியலைப் பற்றி யாருக்கும் கேள்விகள் இருக்கலாம். ஆனால் சேர்ந்து கற்பிப்பது என்ற முறை சரியானது, ஏனென்றால் தன்னார்வலர் போன பிறகும் எஞ்சியிருப்பவர் அந்த ஆசிரியர்தான். அவரிடம் ஏதாவது மிஞ்சினால் பிள்ளைகளுக்கும் மிஞ்சும்.

பள்ளி நிர்வாகமே அழைக்கிறது, ஆசிரியர்கள் மகிழ்கிறார்கள், பிள்ளைகள் கட்டிக்கொள்கிறார்கள், இதில் உங்களுக்கு என்ன குறை என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பெறுபவர் மறுக்க முடியாத இடத்தில் அவருடைய புன்னகையைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் என் தயக்கம். பிறர் மனம் சங்கடப்படக் கூடாதென்று தன் அதிருப்தியை அடக்கிக்கொள்ளும் பண்பைத் தாய்லாந்தில் கிரெங் ஜாய் என்கிறார்கள். விருந்தாளியிடமும் மூத்தவரிடமும் அது கூடுதலாகவே வெளிப்படும். உங்கள் பாடம் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று அந்த ஆசிரியை முகத்துக்கு நேரே சொல்லமாட்டார். தலைமை ஆசிரியருக்கோ, வெளிநாட்டவர் ஒருவர் தம் பள்ளியில் இருப்பது பெற்றோர் மத்தியில் பெருமை. பிள்ளைகள் ஊரைவிட்டு நகரப் பள்ளிக்குப் போய்விடாமல் தடுக்கவும் உதவும். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் மூடப்படலாம் அல்லது வேறு பள்ளியோடு இணைக்கப்படலாம் என்ற அச்சத்திலிருக்கும் பள்ளி எதை மறுக்க முடியும்? பௌத்த மரபு பெறுபவருக்கு மறுக்கும் உரிமையை விதியாகவே தந்திருக்கிறது. சங்கத்துக்குத் தீங்கு செய்த ஒருவரிடம் பிச்சை ஏற்பதில்லை என்று பிக்குகள் கூடி முடிவுசெய்து பாத்திரத்தைக் கவிழ்க்கலாம். 2007இல் பர்மாவின் பிக்குகள் அந்நாட்டு இராணுவ ஆட்சியாளர்களுக்கு எதிராக அதைச் செய்தார்கள். அளிப்பவர் எத்தனை பெரியவரானாலும் ஏற்க மறுக்க முடியும் என்பதால்தான் அங்கே ஏற்பதற்குப் பொருள் இருக்கிறது. கிராமப் பள்ளியிடம் கவிழ்க்கப் பாத்திரம் இல்லை. ஆகவே மறுக்கும் வசதியைச் செய்துகொடுக்கும் பொறுப்பு தன்னார்வலர் மேல் விழுகிறது. என் வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்டால் நன்றாக இருந்தது என்றுதான் விடை வரும். நாளைக்கு இந்தப் பாடத்தை நீங்கள் எடுங்கள், நான் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டால், விடை வேறு விதமாக வரும்.

இந்த ஏற்றத்தாழ்வைக் கண்டு, போகவே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தவர் சிந்தனையாளர் இவான் இலிச். 1968இல் மெக்சிகோவின் குவெர்னவாக்காவில் அமெரிக்க மாணவத் தன்னார்வலர்கள் முன்னிலையிலேயே, உங்கள் நல்லெண்ணம் நீங்கள் செய்யும் கேட்டைக் குறைக்காது என்ற பொருளில் அவர் கடுமையாகப் பேசினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ வராதீர்கள் என்பது அவர் உரையின் சாரம். அந்த உரையில் நியாயத்தின் பெரும்பகுதி இருப்பதாகவே நினைக்கிறேன். அவர் எதிர்த்தது முக்கியமாக உதவுகிறோம் என்ற பாவனையை. ஆனால் பார்க்கவும் படிக்கவும் வருகிறவரும் ஊரின் சோற்றைச் சாப்பிடுகிறார், ஊரின் நேரத்தை எடுத்துக்கொள்கிறார். எதுவும் செய்யாமல் பார்த்துவிட்டுப் போவது அவரைத் தூய்மையாக்கிவிடாது, கடனைத் திருப்பித் தராத விருந்தாளியாகத்தான் ஆக்கும். நவகனும் கற்க வந்தவனே, ஆனால் அவன் முற்றம் பெருக்குகிறான், பாத்திரம் கழுவுகிறான், மூத்தவருக்குத் தண்ணீர் வைக்கிறான். கற்பவரும் வேலை செய்யலாம், மூத்தவர் சொல்லும் வேலையாக அது இருக்க வேண்டும், அவ்வளவே. படங்களும் சொல்லட்டைகளும் தயாரிப்பது, பாடநூலின் உரையாடலை ஆசிரியையோடு சேர்ந்து உரக்கப் படிப்பது, மந்தமான நாலு பிள்ளைகளை மூலையில் உட்காரவைத்து எழுத்துகளைத் திரும்பச் சொல்லவைப்பது, மாலையில் ஆசிரியைக்குப் பேச்சுத் துணையாக இருப்பது எல்லாம் உண்மையான வேலைகள். இலிச்சின் கண்டனம் இவற்றைத் தொடாது.

தம்மத்தைக் கற்பிப்பதற்குச் சொன்ன விதியை ஆங்கிலத்துக்குப் பொருத்துவது சரியா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வியை மதிக்கிறேன். ஆங்கிலம் முக்தி தரும் கல்வியல்ல. ஆசியான் அமைப்பின் சாசனம் அதை அலுவல் மொழியாக்கியிருப்பதாலும், சுற்றுலாவும் வணிகமும் அதைக் கேட்பதாலும் அது பிழைப்புக்கான மொழியாகிறது. ஆனால் பிழைப்புக் கல்விக்கும் பௌத்தம் தனியே விதி வைத்திருக்கிறது. சிகாலன் என்ற இல்லறத்தானுக்குச் சொன்ன சூத்திரத்தில் ஆசிரியர்கள் தென்திசையாக வணங்கப்படுகிறார்கள். அங்கே ஆசிரியருக்குரிய ஐந்து கடமைகளில் கலைகளை ஒளிக்காமல் சொல்லித்தருவதும், கற்றது நன்றாகப் பிடிபடும்படி கற்பிப்பதும், மாணவனுக்கு எல்லாத் திசையிலும் பாதுகாப்புத் தேடித்தருவதும் அடங்கும். கடைசியாகச் சொன்னதை இன்றைய நிலையில் வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. பின்னணி விசாரிக்கப்படாத அந்நியரைப் பிள்ளைகளோடு தனியே விடுவது, அந்தப் பிள்ளைகளின் முகங்களைப் படமெடுத்துத் தன் புண்ணியத்துக்குச் சான்றாக உலகுக்குக் காட்டுவது இரண்டும் இந்தக் கடமையை நேராக மீறுகின்றன. எந்தப் பிள்ளையும் மற்றவரின் நல்ல மனத்துக்கு விளம்பரமாக இருக்கச் சம்மதித்ததில்லை.

ஆனாலும் அந்தப் புதியவருக்கு ஊர் ஆசிரியரின் மரியாதையைத் தரத்தான் செய்கிறது. மே மாத நடுவில் பள்ளி திறந்து சில வாரங்களில், வழக்கமாக ஒரு வியாழக்கிழமை, வாய் க்ரூ எனப்படும் ஆசிரியர் வணக்கம் நடக்கும். கூர்மைக்கு இட்லிப்பூ, பொறுமைக்கும் படர்ந்து வளர்வதற்கும் அருகம்புல், தலைவணங்கும் பண்புக்குக் கத்தரிப்பூ, ஒழுக்கத்துக்கு நெல்பொரி என்று தட்டில் அடுக்கிப் பிள்ளைகள் மண்டியிட்டு வந்து ஆசிரியர்களின் கையில் கொடுப்பார்கள். அந்த வரிசையில் வெளிநாட்டுத் தன்னார்வலரையும் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். இன்னும் எதையும் கற்பிக்காத ஒருவர் அதை வாங்கலாமா? வாங்கலாம் என்றே சொல்வேன். நேற்றுத் துறவு பூண்ட நவகனைப் பெற்றோர் வணங்குவது அவனுடைய சாதனைக்காக அல்ல, அவன் உடுத்திய சீவரத்துக்காக. பூத்தட்டும் அப்படியே ஆசிரியர் என்ற இடத்துக்கு வருகிறது, மறுப்பது அந்த இடத்தை அவமதிப்பதாகும். ஆனால் சீவரத்தோடு 227 விதிகளும் சேர்ந்தே வருகின்றன. பூவை வாங்கிய கை அன்றே கடன்பட்ட கை. நன்றிக்கடன் என்பது அங்கே வாழ்நாள் உறவு, மாணவன் ஆசிரியருக்குப் பட்டதாகவே எல்லோரும் அதைப் பேசுகிறார்கள். கற்பிப்பதற்கு முன்பே பூவை வாங்கிவிட்ட ஆசிரியர் விஷயத்தில் அது மறுபுறமும் ஓடுகிறது என்பது என் துணிபு.

இத்தனை நிபந்தனை விதித்தால் யாரும் வரமாட்டார்கள், நட்டம் பிள்ளைகளுக்குத்தான் என்பார்கள். சிலர் வராமல் போவார்கள், உண்மைதான். ஆனால் நான் பட்டத்தையோ சான்றிதழையோ நுழைவாயிலில் நிறுத்தவில்லை. விகாரையும் நவகனிடம் பரீட்சை வைப்பதில்லை. சார்ந்திருக்கச் சம்மதமா என்று பார்க்கிறது, போகும் காலம் வரை விதிக்கு உட்படச் சொல்கிறது. பள்ளியிலும் கேட்பது அதுவே. மே நடுவிலோ நவம்பர் தொடக்கத்திலோ பருவம் தொடங்கும் நாளுக்கு வந்து பருவம் முடியும்வரை இருப்பது, முதல் வாரங்களில் வகுப்பின் பின் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது, பாடத்திட்டத்தை ஆசிரியையோடு சேர்ந்து எழுதுவது, நடத்தியவற்றையும் பிள்ளைகள் தடுக்கிய இடங்களையும் அடுத்தவருக்காக ஒரு குறிப்பேட்டில் விட்டுச்செல்வது. நல்ல மனமுள்ள, கற்கக் கூச்சப்படாத எந்த இளைஞராலும் முடிகிற காரியங்கள் இவை. இரண்டு வாரம்தான் இருக்க முடியும் என்பவர்களுக்கும் இடம் உண்டு: தாய்லாந்துப் பள்ளிகள் ஓரிரு நாள் ஆங்கில முகாம்கள் நடத்துவது வழக்கம். விளையாட்டும் பாட்டும் பேச்சும் அங்கே பொருத்தமாகவே இருக்கும். விடுமுறையில் அவற்றை நடத்தினால் பிள்ளைகளின் வகுப்பு நேரத்தில் ஒரு மணியும் குறையாது.